ஈஸ்டர் எந்த ஞாயிறு? கதையும் கணக்குமாக ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸ் எப்போது என்று யாரும் காலண்டரைப் புரட்டுவதில்லை. ஈஸ்டருக்குப் புரட்டித்தான் ஆக வேண்டும். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28 என்று முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஆனாலும் அதற்கு ஒரு வேலி உண்டு. மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. இந்த 35 நாட்களுக்குள் எந்த ஞாயிறு என்பதை, கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

வெறும் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதில் வரும் ஒவ்வோர் எண்ணுக்காகவும் யாரோ வாதாடியிருக்கிறார்கள், யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று மனிதர்கள் ஆசைப்பட்டதால் பிறந்த கணக்கு இது. அதனால் முதல் மூன்று படிகளில் கதையும் காரணமும், நான்காவதில் கணக்கு. அவசரமாகத் தேதி வேண்டும் என்பவர்கள் நேரே படி 4-க்குப் போகலாம். அப்புறம் திரும்பி வந்து மற்றதையும் படித்துவிடுங்கள்.

படி 1: விழாவின் வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பெயரிலிருந்து தொடங்குவோம். இந்த விழாவின் மிகப் பழைய பெயர் பாஸ்கா. 'கடந்து செல்லுதல்' என்ற பொருளில் யூதர்கள் கொண்டாடும் பெசாக் விழாவின் பெயர்தான் அது. அரமேயத்தில் பஸ்கா என்றானது, கிரேக்கமும் இலத்தீனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், ரஷ்யம் என்று பல மொழிகளில் இன்றும் அந்தச் சொல்லின் வழிவந்த பெயர்தான் வழங்குகிறது.

ஈஸ்டர் என்பது ஆங்கிலப் பெயர், ஜெர்மனில் அது ஓஸ்டர்ன். இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி 725-இல் காலக்கணக்கு பற்றி ஒரு நூல் எழுதினார். தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை எயோஸ்தரே என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். அந்தத் தெய்வத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏறக்குறைய அந்த ஒரு குறிப்புதான். 'ஈஸ்டர் என்றால் பாபிலோனின் இஷ்தார்' என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றி வருகிறதே, அதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர ஆதாரம் கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் ஈஸ்டர் என்று பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்ற பெயரில் இந்த விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, வேர் யூதப் பாஸ்காவில் இருக்கிறது. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தின்படி நிசான் மாதம் 14-ஆம் நாள் மாலையில் ஆட்டுக்குட்டி அடிக்கப்படும், அன்றிரவு பாஸ்கா விருந்து. நிசான் வசந்த கால மாதம். பிறை தெரிந்ததும் மாதம் பிறப்பதால், 14-ஆம் நாள் என்றால் பௌர்ணமியை ஒட்டிய நாள். ஈஸ்டர் கணக்குக்குள் முழுநிலா வந்தது இந்த வழியாகத்தான்.

இயேசு இறந்தது பாஸ்காவை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, உயிர்த்தது வாரத்தின் முதல் நாளான ஞாயிறு. நான்கு நற்செய்திகளும் இதில் ஒத்துப்போகின்றன. ஒரு நுணுக்கமான வேறுபாடும் உண்டு. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இரவு உணவையே பாஸ்கா விருந்தாகச் சொல்கிறார்கள். யோவான் நற்செய்தியில் அவர் இறந்த நாளில் பாஸ்கா விருந்து இன்னும் நடக்கவில்லை, ஆட்டுக்குட்டிகளை அடிக்கும் ஆயத்த நாளாக அது இருக்கிறது. முதல் கணக்கில் அந்த வெள்ளி நிசான் 15, இரண்டாவதில் நிசான் 14. யோவானின் கணக்கை வைத்து ஆண்டைத் தேடுகிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் கி.பி. 30 ஏப்ரல் 7 அல்லது 33 ஏப்ரல் 3 என்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளில் வந்து நிற்கிறார்கள்.

இதனால் முதல் கிறிஸ்தவர்களின் கையில் இரண்டு நினைவுகள் இருந்தன. ஒன்று நிலவின் தேதி, இன்னொன்று வாரத்தின் கிழமை. ஒரு தேதி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கிழமையில் வரும். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது?

படி 2: யார் எதற்காக வாதாடினார்கள் என்று பாருங்கள்

ஆசியா மைனர் சபைகள் தேதியைப் பிடித்துக்கொண்டன. நிசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றுதான் பாஸ்கா. இவர்களைப் 'பதினான்காம் நாளார்' என்று பிற்காலத்தில் அழைத்தார்கள். ரோமும் வேறு பல சபைகளும் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டன.

155-ஐ ஒட்டி, சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு முதிர்ந்த வயதில் ரோமுக்கு வந்தார். ரோம் ஆயர் அனிசேத்துஸும் அவரும் இதைப் பற்றிப் பேசினார்கள். இவர் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை, அவர் வழக்கத்தை இவர் ஏற்கவில்லை. ஆனால் அனிசேத்துஸ் தம் சபையிலேயே நற்கருணை வழிபாட்டை நடத்தும் மரியாதையைப் பொலிக்கார்ப்புக்குக் கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள். இந்த முழுக் கதையிலும் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குள் அந்தப் பொறுமை போய்விட்டது. ரோம் ஆயர் விக்டர், 14-ஐக் கடைப்பிடித்த சபைகளை ஒட்டுமொத்தமாக விலக்கி வைக்க முயன்றார். எபேசு ஆயர் பொலிக்ராத்தேஸ் பணிய மறுத்துக் கடிதம் எழுதினார். அப்போது சமாதானம் பேச வந்தவர் லியோன் ஆயர் இரேனேயு. அவரே ஞாயிற்றுக்கிழமைக்காரர்தான். இருந்தும், அனிசேத்துஸும் பொலிக்கார்ப்பும் எப்படிப் பிரிந்தார்கள் என்று விக்டருக்கு நினைவுபடுத்தினார். வரலாற்றாசிரியர் யூசேபியு இந்தக் கடிதங்களைத் தம் நூலில் எடுத்து வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

அடுத்து 325, நிசேயா சங்கம் என்ற ஆயர்களின் பெருங்கூட்டம். பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டியது. 'வசந்த சம இரவு நாளுக்கு (வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள்) பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு' என்ற விதியை நிசேயாதான் எழுதியது என்று எங்கும் படிப்பீர்கள். சங்கத்தின் சட்டங்களில் அப்படி ஒரு வாசகம் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும், யூதர்கள் நிசானை எப்போது வைக்கிறார்கள் என்று பார்த்து நாள் குறிக்கும் கீழைச் சபைகள் இனி ரோமையும் அலெக்சாந்திரியாவையும் போலச் செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே எடுத்த முடிவு. இந்த முடிவைத் தெரிவித்துக் கான்ஸ்டன்டைன் அனுப்பிய கடிதத்தில் யூதர்கள்மேல் கடுமையான வெறுப்பு தெரிகிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

முடிவு எடுத்தாயிற்று. ஆனால் அந்த 'ஒரே நாள்' எது என்று யார் கணக்கிடுவது? வானியலில் பேர் பெற்ற அலெக்சாந்திரியாவின் ஆயர்கள் ஆண்டுதோறும் திருவிழாக் கடிதம் எழுதி நாளை அறிவித்தார்கள். அத்தனாசியு எழுதிய அப்படிப்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பௌர்ணமித் தேதிகள் திரும்பத் திரும்ப வரும் 19 ஆண்டுச் சுழற்சியை (படி 3-இல் வரும்) அவர்கள் பயன்படுத்தினார்கள், ரோமில் 84 ஆண்டுச் சுழற்சி. இரண்டும் சில ஆண்டுகளில் முட்டிக்கொண்டன. 455-இல் ரோம் கணக்குப்படி ஏப்ரல் 17, அலெக்சாந்திரியா கணக்குப்படி ஏப்ரல் 24. திருத்தந்தை லியோ மறுத்து எழுதிப் பார்த்தார், கடைசியில் ஒற்றுமைக்காக 24-ஐ ஏற்றுக்கொண்டார்.

525-இல் ரோமில் இருந்த தியோனீசியு எக்ஸிகுஸ் என்ற துறவி அலெக்சாந்திரியக் கணக்கை இலத்தீனில் அட்டவணையாக்கினார். அதன் முதல் வரியை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். எட்டுப் பத்திகள். முதல் பத்தியில் 532 என்ற ஆண்டு. அதற்கு முந்தைய அட்டவணை தியோக்ளேசியன் என்ற ரோமப் பேரரசரின் ஆட்சியிலிருந்து ஆண்டுகளை எண்ணியது. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவரின் நினைவை ஈஸ்டர் அட்டவணையில் வைத்திருக்க விரும்பாமல், கிறிஸ்து பிறந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார் தியோனீசியு. நாம் இன்று எழுதும் கி.பி. இந்த அட்டவணையிலிருந்துதான் வந்தது! அதே வரியில் நிலவின் வயதைக் காட்டும் பத்தியில் எண் இல்லை, 'நுல்லா' என்று எழுதியிருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று பொருள். ரோமன் எண்களில் பூச்சியம் கிடையாது, அதனால் சொல்லால் எழுதினார். அந்த வரியின் பௌர்ணமி ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 11.

பழைய 84 ஆண்டுக் கணக்கின் ஒரு வடிவம் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இதற்குப் பிறகும் பிழைத்திருந்தது. வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியாவின் அரசர் ஓஸ்வியு ஐரிஷ் துறவிகளிடம் வளர்ந்தவர். அரசி ஏன்பிளாட் கென்டிலிருந்து வந்தவர், ரோம் வழக்கம். பீட் எழுதுவதைப் படித்தால் அரண்மனைக்குள் நடந்ததே கண்முன் வரும்: அரசர் நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்தில் இருக்கிறார், அதே நாளில் அரசி இன்னும் நோன்பில் குருத்தோலை ஞாயிறு கொண்டாடிக்கொண்டிருக்கிறார். ஒரே வீடு, ஒரே மேசை. 664-இல் விட்பி என்ற இடத்தில் அரசர் இரு தரப்பையும் கூட்டினார். ஐரிஷ் தரப்புக்கு ஆயர் கோல்மன், ரோம் தரப்புக்கு வில்பிரட். விண்ணரசின் திறவுகோல், ரோம் தன் முதல் ஆயராகக் கருதும் பேதுருவிடம்தான் இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள, அரசர் ரோம் பக்கம் சாய்ந்தார்.

படி 3: மூன்று சக்கரங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

கணக்கு ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று இங்கே தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு மூன்று சக்கரங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். சூரியன்: வசந்தம் பிறந்திருக்க வேண்டும். நிலவு: பௌர்ணமி ஆகியிருக்க வேண்டும். வாரம்: ஞாயிறாக இருக்க வேண்டும். சூரிய ஆண்டு ஏறக்குறைய 365.2422 நாட்கள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரி 29.53 நாட்கள். வாரம் 7. ஒன்று மற்றொன்றில் மீதியில்லாமல் அடங்காது.

பன்னிரண்டு நிலா மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட 11 குறைவு. அதனால் ஒரு பௌர்ணமி அடுத்த ஆண்டு 11 நாள் முன்னதாக வரும். அப்படியே பின்வாங்கிக்கொண்டே போனால் வசந்தத்தைத் தாண்டிக் குளிர்காலத்துக்குள் போய்விடும். அப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து 30 நாள் முன்னே தள்ள வேண்டும். பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்கிறோமே, அதே ஏற்பாடு.

இந்தத் தள்ளாட்டம் 19 ஆண்டில் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பிவிடும். 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலா மாதங்களும் சில மணி நேர வித்தியாசத்தில் ஒன்றுதான். ஏதென்ஸின் மெட்டன் கி.மு. 432-இல் இதை நாட்காட்டிக்குக் கொண்டுவந்தார், அவர் பெயராலேயே இன்றும் மெட்டன் சுழற்சி என்கிறோம். ஆகவே மொத்தம் 19 பௌர்ணமித் தேதிகள் இருந்தால் போதும், அவையே சுழன்று சுழன்று வரும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சபை வானத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. வசந்த சம இரவு நாள் என்பது சபைக்கு எப்போதும் மார்ச் 21. வானில் அது 20-ஆம் தேதியே நடந்தாலும் சரிதான். பௌர்ணமி என்பதும் அட்டவணையில் எழுதியுள்ள நிலவின் 14-ஆம் நாள். இதை நான் ஏட்டு நிலா என்று சொல்லிக்கொள்வேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், ஆனால் இந்த ஏட்டு நிலா இத்தனை நூற்றாண்டாக உதவிக்கொண்டிருக்கிறது. வானத்துப் பௌர்ணமி ஓர் ஊரில் ஒரு தேதியிலும் இன்னோர் ஊரில் மறு தேதியிலும் விழும், ஏட்டு நிலாவோ உலகம் முழுக்க ஒரே தேதிதான்.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பொது நேரப்படி மார்ச் 20 இரவு 10 மணியளவில் சம இரவு. நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, மார்ச் 21 அதிகாலையில் பௌர்ணமி. வானத்தை நம்பியிருந்தால் மார்ச் 24 ஈஸ்டர் ஆகியிருக்கும். ஏட்டு நிலாவோ அந்த ஆண்டு ஏப்ரல் 18-ஐக் காட்டியது. ஈஸ்டர் ஏப்ரல் 21-இல் வந்தது. நான்கு வார வித்தியாசம்.

படி 4: கணக்கைப் போடுங்கள்

இது 1900 முதல் 2199 வரை செல்லும் கணக்கு. 2029-ஐ எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

ஆண்டை 19-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள். 19 × 106 = 2014. 2029 − 2014 = 15. மீதி 15. (பழைய நூல்கள் இதோடு 1 கூட்டி அதைப் பொன் எண் என்பார்கள். நமக்கு மீதியே போதும்.)

மீதியை 19-ஆல் பெருக்கி 24 கூட்டுங்கள். 15 × 19 = 285. 285 + 24 = 309. இதை 30-ஆல் வகுத்தால் மீதி 9. 19-ஆல் பெருக்குவது ஏன் தெரியுமா? 30-இன் சுழற்சியில் 19 கூட்டுவதும் 11 கழிப்பதும் ஒன்றே. ஆண்டுக்கு 11 நாள் பின்வாங்கும் நிலவு இங்கே ஒளிந்திருக்கிறது.

கிடைத்த எண்ணை மார்ச் 21-உடன் கூட்டுங்கள். 21 + 9 = 30. ஏட்டு நிலா மார்ச் 30. கூட்டுத்தொகை 31-ஐத் தாண்டினால் 31-ஐக் கழித்து ஏப்ரல் என்று படிக்க வேண்டும்.

இதில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. 30-ஆல் வகுத்த மீதி 29 வந்தால் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 28 வந்து, 19-ஆல் வகுத்த மீதியும் 10-க்கு மேல் இருந்தால் 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான்: பழைய அட்டவணையில் பௌர்ணமி ஏப்ரல் 18-ஐத் தாண்டியதில்லை, அந்த எல்லையைக் காக்க 19-ஐ 18-க்கு இழுத்தார்கள். அப்படி இழுத்ததால் ஒரே சுழற்சியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஏப்ரல் 18 வந்துவிடக் கூடாது என்று பின்னதை 17-க்கு நகர்த்தினார்கள்.

இனி கிழமை. கையில் அந்த ஆண்டுக் காலண்டர் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் 29. அதை 4-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதியை விட்டுவிடுங்கள். 29 + 7 = 36. 7-ஆல் வகுத்தால் மீதி 1. செவ்வாயிலிருந்து ஒரு நாள் தள்ளினால் புதன். அந்த ஆண்டு ஏப்ரல் 4 புதன்கிழமை. (2000 முதல் 2099 வரை செவ்வாயிலிருந்து எண்ணுங்கள், 1900 முதல் 1999 வரை புதனிலிருந்து.) ஏப்ரல் 4 புதன் என்றால் மார்ச் 28-உம் புதன், மார்ச் 30 வெள்ளி.

ஏட்டு நிலாவுக்கு அடுத்த ஞாயிறு எது? ஏப்ரல் 1. 2029-இல் ஈஸ்டர் ஏப்ரல் 1.

பலர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். ஏட்டு நிலாவே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அன்று ஈஸ்டர் கிடையாது, அதற்கடுத்த ஞாயிறுதான். 2038-ஐப் போட்டுப் பாருங்கள். 2038 − 2033 = 5. 5 × 19 + 24 = 119. 30-ஆல் வகுத்த மீதி 29, விதிவிலக்குப்படி 28. 21 + 28 = 49, அதாவது ஏப்ரல் 18. கிழமைக்கு 38 + 9 = 47, 7-ஆல் வகுத்த மீதி 5, செவ்வாயிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் ஞாயிறு. ஏப்ரல் 4 ஞாயிறு என்றால் 18-உம் ஞாயிறு. ஏட்டு நிலா ஞாயிறில் விழுந்துவிட்டது, ஒரு வாரம் தள்ள வேண்டும். ஏப்ரல் 25. ஈஸ்டர் வரக்கூடிய கடைசி நாள் அதுதான். இதற்கு முன் அது 1943-இல் வந்தது.

படி 5: கிழக்கும் மேற்கும் ஏன் பிரிகின்றன

மேலே சொன்னது கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகளின் நாள். பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அதே விதிதான், ஏட்டு நிலாவுக்கு அடுத்த ஞாயிறு. ஆனால் ஏடு வேறு.

ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஓர் ஆண்டை 365.25 நாள் என்று வைத்தது. உண்மையைவிட 11 நிமிடம் அதிகம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தப்பிக்கொண்டே போனதில், 16-ஆம் நூற்றாண்டில் வானத்துச் சம இரவு மார்ச் 11-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏடு மட்டும் இன்னும் 21 என்றது. மெட்டன் சுழற்சியிலும் ஒரு சிறு பிசகு. 19 ஜூலியன் ஆண்டுகளுக்கும் 235 நிலா மாதங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம். மூன்று நூற்றாண்டு சென்றால் அது ஒரு நாளாகிவிடும்.

இத்தாலிய மருத்துவர் அலோசியு லிலியு ஒரு திருத்தத்தை வகுத்தார். அவர் இறந்த பிறகு இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியு அதை விரித்து விளக்கிக் காத்தார். திருத்தந்தை 13-ஆம் கிரகோரி 1582 பிப்ரவரியில் ஆணை பிறப்பித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. பத்து நாள் நீங்கியது, கிழமை மட்டும் தொடர்ந்தது. 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகளுக்கு லீப் நாள் கிடையாது என்பதும் அப்போது வந்த விதி.

படி 4-இல் 24 என்று கூட்டினோமே, லிலியுவின் திருத்தம் அதற்குள்தான் இருக்கிறது. 1583 முதல் 1699 வரை அந்த எண் 22, 1700 முதல் 1899 வரை 23, இப்போது 24, 2200-இல் 25 ஆகும். நூற்றாண்டு மாறும்போது சூரியனுக்கும் நிலவுக்குமாகச் செய்யும் சிறு சரிசெய்தல் அது. ஜூலியன் ஏட்டில் இது எப்போதும் 15. ஒருபோதும் மாறாது.

சரி, ஆர்த்தடாக்ஸ் நாளையும் 2029-க்கே போடுவோம். மீதி 15 × 19 = 285. 285 + 15 = 300. 30-ஆல் வகுத்தால் மீதி 0. ஏட்டு நிலா ஜூலியன் மார்ச் 21. இந்த நூற்றாண்டில் இரு நாட்காட்டிக்கும் 13 நாள் வித்தியாசம், ஆகவே நம் காலண்டரில் ஏப்ரல் 3, செவ்வாய். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 8. மேற்கில் ஏப்ரல் 1, கிழக்கில் ஏப்ரல் 8. (இந்தக் கணக்கில் அந்த இரண்டு விதிவிலக்குகளும் கிடையாது.) இரு ஏடுகளின் நிலாவுக்கும் இடையே நான்கு நாள் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று நூற்றாண்டுக்கு ஒரு நாள் என்று சொன்ன அந்தப் பிசகு சேர்ந்து சேர்ந்து இவ்வளவு ஆகியிருக்கிறது.

சில ஆண்டுகளில் இடைவெளி ஐந்து வாரம்வரை போகும். 2027-இல் மேற்கின் ஏட்டு நிலா மார்ச் 22. அதே நிலா ஜூலியன் ஏட்டில் மார்ச் 13-ஆகத் தெரியும், மார்ச் 21-க்கு முந்தியது என்பதால் அது செல்லாது. அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் மேற்கில் மார்ச் 28, கிழக்கில் மே 2. யூதப் பாஸ்காவுக்குப் பிறகுதான் ஈஸ்டர் வர வேண்டும் என்ற விதிதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கில் அப்படி ஒரு வரியும் இல்லை. 2024-இல் யூதப் பாஸ்கா ஏப்ரல் 22 மாலையில் தொடங்கியது, மேற்கின் ஈஸ்டர் அதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட்டது.

இரண்டும் ஒன்றாக வரும் ஆண்டுகளும் உண்டு. நிசேயாவின் 1700-ஆம் ஆண்டான 2025-இல் இருவருக்கும் ஏப்ரல் 20. அடுத்து 2028-இல் ஏப்ரல் 16.

இந்தப் பிரிவை முடித்துவைக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1928-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் ஏப்ரலின் இரண்டாவது சனிக்கு அடுத்த ஞாயிறு என்று சட்டமே இயற்றியது, அது நடைமுறைக்கு வரவில்லை. மற்ற சபைகளும் ஒத்துக்கொண்டால் ஒரு நிலையான ஞாயிறுக்கு மறுப்பில்லை என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1997-இல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய சபைப் பிரதிநிதிகள், ஏடுகளை விட்டுவிட்டு எருசலேமின் தீர்க்கரேகையில் உண்மையான வானத்தைக் கணக்கிடுவோம் என்று பரிந்துரைத்தார்கள். எனக்கு இதுதான் நியாயமான வழியாகப் படுகிறது. இரு தரப்பும் சமமாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. இன்னும் யாரும் அதைச் செயல்படுத்தவில்லை.

படி 6: மற்ற நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மேற்குச் சபைகளில் ஈஸ்டர் கிடைத்துவிட்டால் மற்றவை வெறும் எண்ணல்தான். 46 நாள் முன்னால் சாம்பல் புதன், 7 நாள் முன்னால் குருத்தோலை ஞாயிறு, 2 நாள் முன்னால் புனித வெள்ளி. 39 நாள் கழித்து விண்ணேற்றம், 49 நாள் கழித்துப் பெந்தெகொஸ்தே. 2029-க்கு இவை பிப்ரவரி 14, மார்ச் 25, மார்ச் 30, மே 10, மே 20. நோன்பு 40 நாள் என்றுதானே சொல்வார்கள், 46 எப்படி என்று தோன்றலாம். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நோன்பு நாளாக எண்ணுவதில்லை.

உங்கள் கை பழகிவிட்டதா என்று பார்க்கச் சில ஆண்டுகள் தருகிறேன். 2000-க்கு ஏப்ரல் 23 வர வேண்டும், 2008-க்கு மார்ச் 23, 2011-க்கு ஏப்ரல் 24. 2030-இல் இரண்டாவது விதிவிலக்கு வரும், விடை ஏப்ரல் 21. முடிந்தால் 2285-ஐயும் போட்டுப் பாருங்கள். அதற்கு 24-க்குப் பதில் 25 கூட்ட வேண்டும், கிழமையை வெள்ளியிலிருந்து எண்ண வேண்டும். ஏட்டு நிலா மார்ச் 21-இலேயே விழும், அன்று சனிக்கிழமை. மறுநாள் மார்ச் 22, ஈஸ்டர். இவ்வளவு முன்னதாக அது கடைசியாக வந்தது 1818-இல்.